ஆதியாகமமும் டார்வினும்: கோயில் வாசலில் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வுநாள் பள்ளியில் ஆறு நாள் படைப்பைச் சொல்லிக்கொடுக்கிறேன். திங்கட்கிழமை மேல்நிலைப் பள்ளியில் இயற்கைத் தேர்வு நடத்துகிறேன். சில வருடங்களில் இரண்டு இடத்திலும் அதே பிள்ளைகள்தான் முன்வரிசையில் இருப்பார்கள். "சார், நேத்து வேற சொன்னீங்களே" என்று ஒருத்தி எழுந்து நின்றதும் உண்டு. அன்றிலிருந்து, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போதும் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போதும் என்னிடம் வந்த கேள்விகளைக் குறித்து வைத்தேன். அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்கள் இவை. வசனங்கள் எங்கள் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கிறிஸ்தவன் பரிணாமத்தை ஏற்கலாமா, கூடாதா?

ஏற்கலாம். டார்வின் புத்தகம் வந்த வாரத்திலிருந்தே ஏற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "இரண்டுக்கும் ஒரு சிக்கலும் இல்லை" என்று யாராவது சொன்னால் அவரை முழுதாக நம்பிவிடாதீர்கள். பலர் சிக்கல் என்று நினைக்கும் இரண்டு விஷயங்கள், அதாவது ஆறு நாள் கணக்கும் குரங்கும், என் பார்வையில் பெரிய சிக்கலே இல்லை. ஆதாமும் மரணமும்தான் சிக்கல். அதைக் கீழே எடுத்துக்கொள்கிறேன்.

பரிணாமம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

மூன்று விஷயங்கள். காலப்போக்கில் உயிரினங்கள் மாறுகின்றன; எல்லா உயிர்களும் பொதுவான மூதாதையரிடமிருந்து கிளைத்தவை; அந்த மாற்றத்தை நடத்தும் முக்கியமான விசை இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்கு ஏற்றவை பிழைத்து அதிகம் பெருகுவது. (இலங்கைப் பாடநூல்களில் இதையே கூர்ப்பு என்பார்கள்.) முதலாவதை இன்று யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை. மனிதனையும் சேர்த்துப் பேசும் இரண்டாவதில்தான் சண்டை.

அந்த இரண்டாவதற்குச் சான்று என்ன என்று கேட்டால் நான் புதைபடிவ (ஃபாசில்) எலும்பிலிருந்து தொடங்குவதில்லை, ஓலைச்சுவடியிலிருந்து தொடங்குவேன். பழைய சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு சுவடிகள் சரியான இடங்களில் ஒத்துப்போனால் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் ஒரே பிழையும் இருந்தால், இரண்டும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து பிரிந்தவை என்று முடிவுகட்டுவார்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கப் பிரதிகளை அறிஞர்கள் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பதற்கும் இந்தக் கணக்கு கைகொடுக்கிறது.

நம் உடம்புக்குள்ளும் அப்படியொரு பிழை கிடக்கிறது. ஆடு, நாய், எலி எல்லாம் வைட்டமின் சி-யைத் தாமே தயாரித்துக்கொள்ளும். நமக்கு அது முடியாது. நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ உள்ளே போக வேண்டும். மாதக்கணக்கில் போகாவிட்டால் ஈறில் ரத்தம் வடியும், பல் ஆடும். அதைத் தயாரிப்பதற்கான கடைசிப் படியின் மரபணு நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பல பகுதிகள் உதிர்ந்து, உடைந்து, வேலை செய்யாமல் கிடக்கிறது. சிம்பன்சியிடமும் அது உடைந்துதான் கிடக்கிறது, நம்முடையதைப் போலவே. கினி எலிக்கும் இந்த மரபணு வேலை செய்யாது. ஆனால் அங்கே உடைந்த விதம் வேறு. ஒரே தாய்ச்சுவடி எது, வேறு சுவடி எது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?

உங்கள் பெரியப்பா மகனிடமிருந்து நீங்கள் பிறக்கவில்லை. இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர். நீங்கள் பிறந்ததால் அவர் இல்லாமல் போகவும் இல்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான அந்தத் 'தாத்தா' சுமார் 60 அல்லது 70 லட்சம் வருடங்களுக்கு முன் இருந்த ஒரு உயிரினம். அது இன்றைய குரங்கும் இல்லை, மனிதனும் இல்லை.

தேவன் படைத்தார் என்றும் இயற்கையாக வந்தது என்றும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது?

மழைக்கு இப்போதே அப்படித்தான் சொல்கிறோம். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சனிக்கிழமை இரவு செய்தியில் கேட்கிறோம். ஞாயிற்றுக்கிழமை "மழையைக் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்கிறோம். இதில் ஒன்று பொய் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. குழந்தையும் அப்படித்தான். தாயின் வயிற்றில் தன்னை உருவாக்கினவர் தேவன் என்று சங்கீதம் 139 பாடுகிறது. அதைப் பாடிக்கொண்டே ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போகிறோம், கருமுட்டை, செல் பிரிதல் என்று டாக்டர் விளக்கும்போது "அப்படியானால் தேவன் செய்யவில்லையா?" என்று சண்டைக்கு நிற்பதில்லை. ஒரு குழந்தைக்கு ஒன்பது மாத இயற்கை நிகழ்வு தேவனின் வேலையாக இருக்கலாம் என்றால், உயிர்க்குலம் முழுவதற்கும் கோடிக்கணக்கான வருட இயற்கை நிகழ்வு ஏன் கூடாது?

அப்புறம், ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையே கவனித்து வாசியுங்கள். "பூமியானது ... பிறப்பிக்கக்கடவது" என்று தேவன் சொல்கிறார். பூமிக்குக் கட்டளை போகிறது, பூமி பிறப்பிக்கிறது. இதை வைத்து மோசேக்குப் பரிணாமம் தெரியும் என்று நான் சொல்லவரவில்லை. அப்படி வசனத்துக்குள் விஞ்ஞானத்தைத் திணிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். படைப்பு என்றாலே இடையில் எதுவும் இல்லாமல் நேரடியாகச் செய்வதுதான் என்ற கட்டாயம் அந்த அதிகாரத்தில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஆறு நாள் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே?

போட்டிருக்கிறது. "சாயங்காலமும் விடியற்காலமும் ஆகி முதலாம் நாள் ஆயிற்று." ஆனால் சூரியன் உண்டாவது நாலாம் நாளில். சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலம் எங்கிருந்து வந்தது? இதை நாத்திகர் கேட்ட கேள்வி என்று நினைக்காதீர்கள். மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற சபைப் பிதா இதைக் கேட்டுவிட்டு, புத்தியுள்ளவன் எவன் இதை அப்படியே எடுத்துக்கொள்வான் என்று எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்டின் ஆதியாகமத்துக்கு ஒரு பெரிய உரை எழுதினார். அந்த நாட்கள் நாம் எண்ணும் நாட்கள் அல்ல, எல்லாம் ஒரே கணத்தில் விதைவடிவில் படைக்கப்பட்டுப் பிறகு விரிந்தன என்பது அவர் எண்ணம். வானம், பூமி பற்றி விவரம் தெரிந்த அவிசுவாசி முன்னால் ஒரு கிறிஸ்தவன் வேதத்தைக் காட்டி உளறினால், அவன் மற்றதை எப்படி நம்புவான் என்றும் அதே உரையில் கடிந்துகொள்கிறார்.

உடனே அகஸ்டினைப் பரிணாமவாதியாக்கிவிட வேண்டாம். உலகத்துக்கு ஆறாயிரம் வருடம்கூட ஆகவில்லை என்றுதான் அவரும் நம்பினார். டார்வின் பிறப்பதற்கு ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே, எந்த விஞ்ஞானியும் நெருக்காமலே, அந்த நாட்களை வேறுமாதிரி வாசித்திருக்கிறார்கள் என்பதற்காகத்தான் அவரை இழுத்தேன்.

அந்த அதிகாரம் கட்டப்பட்டிருக்கும் அழகைப் பாருங்கள். முதல் மூன்று நாளில் இடங்கள் பிரிகின்றன: வெளிச்சமும் இருளும், ஆகாயமும் தண்ணீரும், நிலமும் செடிகொடியும். அடுத்த மூன்று நாளில் அதே வரிசையில் அந்த இடங்களுக்கு ஆட்கள் வருகிறார்கள்: சுடர்கள், பறவையும் மீனும், மிருகமும் மனிதனும். அளந்து வைத்தது மாதிரி நிதானமான முறை. இன்னொன்று, சூரியன் என்ற பெயரே அந்த இடத்தில் இல்லை. "பகலை ஆளப் பெரிய சுடர், இரவை ஆளச் சிறிய சுடர்" என்றுதான் இருக்கிறது. சுற்றியிருந்த ஜனங்கள் எல்லாம் சூரியனையும் சந்திரனையும் கும்பிட்ட காலம் அது. பெயர்கூடச் சொல்லாமல் இரண்டையும் விளக்காக மாட்டிவைத்துவிட்டுப் போகிறார் எழுதியவர். அவருடைய அக்கறை எதில் என்று அதிலேயே தெரிகிறது. பூமியின் வயது அவர் கவலையாக இருந்திருக்காது.

அப்படியானால் ஆறாயிரம் வருடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

வம்சவரலாறுகளின் வயதைக் கூட்டிப் பலர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் புகழ்பெற்றது அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்டது: கி.மு. 4004, அக்டோபர் 23. அவர் பெரிய படிப்பாளி, கேலி செய்ய வேண்டாம். அவர் காலத்துக்கு அது நேர்மையான வேலை. இன்று பூமியின் வயது சுமார் 454 கோடி வருடம் என்று பாறைகளின் கதிரியக்கச் சிதைவு காட்டுகிறது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: 24 மணி நேர நாள், இளம்பூமி, பாறை அடுக்கு எல்லாம் நோவா காலத்து வெள்ளத்தின் வண்டல் என்ற இந்த மொத்தத் தொகுப்பு, இன்று பரவியிருக்கும் வடிவத்தில், இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம், டேட்டன் ஊரில் பரிணாமம் சொல்லிக்கொடுத்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கு நடந்தது. அவருக்கு எதிராக வாதாட வந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் பரிணாமத்தின் பரம எதிரி. சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டபோது அவரே, அந்த நாட்கள் 24 மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். வெள்ளத்தை வைத்துப் பாறைகளை விளக்கும் வேலையை அந்நாளில் முன்னெடுத்தவர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்கிரெடி பிரைஸ். 1961இல் விட்கம், மாரிஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய ஒரு புத்தகம் அதை மற்ற சபைகளுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம்மூர் கன்வென்ஷன் மேடையில் கேட்பதில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததுதான். பேசுகிறவர்கள் அதை அப்போஸ்தலர் காலத்து உபதேசம் என்றே நினைத்துப் பேசுகிறார்கள்.

டார்வின் நாத்திகர்தானே?

தான் ஒருபோதும் நாத்திகனாக இருந்ததில்லை, 'அறியொணாவாதி' (கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்) என்பதே பொருத்தம் என்று 1879இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதே கடிதத்தில், ஒருவர் உறுதியான இறைநம்பிக்கையாளராகவும் பரிணாமவாதியாகவும் இருக்க முடியுமா என்று சந்தேகப்படுவதே அபத்தம் என்றும் சொன்னார். இளவயதில் குருவானவராகும் எண்ணத்தோடு கேம்பிரிட்ஜில் படித்தவர். 1851இல் பத்து வயது மகள் ஆனி இறந்தது அவரை நொறுக்கியது. அவருடைய விசுவாசம் தேய்ந்ததில் அவர் ஆராய்ந்த பூச்சிக்கும் புறாவுக்கும் எவ்வளவு பங்கோ, அந்த மகளுக்கு அதைவிடக் குறையாத பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அவருடைய புத்தகம் 1859 நவம்பரில் வந்தது. அது கடைக்கு வருவதற்கு முன்பே ஒரு பிரதியை வாசித்த ஆங்கிலிக்கன் குருவானவர் சார்ல்ஸ் கிங்ஸ்லி, தானாக வளரும் வடிவங்களைத் தேவன் படைத்தார் என்பதும் உன்னதமான எண்ணம்தான் என்று டார்வினுக்கு எழுதினார். அடுத்த பதிப்பில் டார்வின் அந்த வரியைச் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியவர் ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரே, ஞாயிறு தவறாத பிரஸ்பிட்டேரியன். கிரேயின் கட்டுரைகளைச் சிறு நூலாக அச்சிட்டுப் பரப்ப டார்வினே முன்நின்றார்.

சாகும்போது மனந்திரும்பினாராமே?

இல்லை. டார்வின் இறந்தது 1882இல். லேடி ஹோப் என்ற பெண்மணியின் பெயரில் இந்தக் கதை அச்சில் வந்தது 1915இல். மரணப்படுக்கையில் கூட இருந்த மகள் ஹென்ரியெட்டா அதை 1922இல் வெளிப்படையாக மறுத்தார். தயவுசெய்து இதைப் பிரசங்கத்தில் சொல்லாதீர்கள்.

எல்லாம் தற்செயல் என்றால் தேவனுக்கு என்ன வேலை?

முதலில், எல்லாம் தற்செயல் இல்லை. மரபணுவில் வரும் மாற்றம் உயிரியின் தேவையைப் பார்த்து வருவதில்லை, அந்த அர்த்தத்தில் தற்செயல். எது தங்கும், எது ஒழியும் என்பது தற்செயல் இல்லை.

இரண்டாவது, தற்செயல் என்பது தேவனுக்கு வெளியே நடப்பது என்று யார் சொன்னது? நம் பாஷையைக் கேளுங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் திருவுளச்சீட்டு. மனிதன் கண்ணுக்குக் குருட்டு அதிர்ஷ்டம். பெயரோ தெய்வத்தின் சித்தம். நீதிமொழிகளும் அதைத்தான் சொல்கிறது: "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்." யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்ததும் சீட்டுப் போட்டுத்தான். இது பரிணாமத்துக்குப் பின்னால் தேவன் இருக்கிறார் என்பதற்கு நிரூபணம் ஆகாது. விஞ்ஞானி ஒருவர் 'தற்செயல்' என்று சொன்னவுடன் விசுவாசி ஏன் பதற வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கத்தோலிக்க சபையின் நிலை என்ன?

டார்வினின் அந்தப் புத்தகம் ரோமாபுரியின் தடைப்பட்டியலில் எப்போதும் இடம்பெறவில்லை. 1950இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்), மனித உடல் முன்பிருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என்று ஆராய்வதற்குத் தடையில்லை, ஆன்மாவை மட்டும் தேவனே நேரடியாகப் படைக்கிறார் என்றார். 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். 2014இல் பிரான்சிஸ், கடவுளை மந்திரக்கோல் வைத்திருக்கும் மந்திரவாதியாகக் கற்பனை செய்யாதீர்கள் என்றார்.

ஆதாம் இருந்தாரா இல்லையா?

இதுதான் முள். மனிதரிடையே இன்று காணும் மரபணு வேறுபாட்டை வைத்துப் பார்த்தால், சில ஆயிரம் வருடங்களுக்கு முன் இருந்த ஒரே ஒரு ஜோடியிலிருந்து மட்டும் நாம் வந்திருக்க முடியாது. நம் முன்னோர் ஆயிரக்கணக்கானோர் கொண்ட ஒரு கூட்டம். பவுலோ "ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும்" உலகத்தில் வந்ததாக எழுதி, அந்த ஒருவருக்கு எதிர்நிலையில் கிறிஸ்துவை நிறுத்துகிறார். ஆதாமை உருவிவிட்டால் அந்த வாதம் ஒரு பக்கம் சாய்ந்துவிடாதா? 1950இல் பத்திநாதர் தயங்கி நின்ற இடமும் இதுதான்.

சிலர் ஆதாமை மனுக்குலம் முழுவதையும் குறிக்கும் பாத்திரமாக வாசிக்கிறார்கள். எபிரெயத்தில் ஆதாம் என்றாலே மனிதன், ஆதமா என்றால் மண். 'மண்ணாங்கட்டி மனுஷன்' என்று நாம் சொல்வது போல. வேறு சிலர், ஏற்கெனவே இருந்த மனிதக் கூட்டத்திலிருந்து தேவன் ஒருவரைத் தெரிந்தெடுத்துத் தம்முடைய சாயலைக் கொடுத்தார், ஆபிரகாமைத் தெரிந்தெடுத்தது போல, அவர் எல்லாருக்கும் பிரதிநிதி என்கிறார்கள். இங்கிலாந்தின் ஜான் ஸ்டாட் ஏறக்குறைய இப்படி எழுதினார். சுவிசேஷ சபைக்காரர்களில் அவரைச் சந்தேகிப்பவர் குறைவு. நான் இந்த இரண்டாவது பக்கம் சாய்கிறேன். காயீன் ஆபேலைக் கொன்ற பிறகு "என்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் என்னைக் கொன்றுபோடுவானே" என்று பயப்படுகிறான். அப்பா, அம்மா தவிர ஆளில்லாத உலகத்தில் யாரைப் பார்த்து அந்தப் பயம்? அப்புறம் பெண்சாதியோடு இருக்கிறான், ஒரு பட்டணமே கட்டுகிறான். பாட்டிகள் காலத்திலிருந்து கேட்கப்படும் கேள்வி இது. கதைக்குள்ளேயே வெளியே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை, இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன்.

ஆதாமின் பாவத்துக்கு முன் சாவே இல்லையே? பரிணாமமோ சாவின் மேல்தானே ஓடுகிறது?

"புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்று சொன்ன பிறகும் ஆதாம் 930 வயதுவரை வாழ்ந்ததாக வேதம் சொல்கிறது. அப்படியானால் அந்த நாளில் நேர்ந்த சாவு நாடி நிற்கும் சாவு இல்லை, தேவனைவிட்டுப் பிரிந்த சாவு. மிருகங்களின் சாவைப் பொறுத்தவரை, சங்கீதம் 104 சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கெர்ச்சித்து தேவனிடம் ஆகாரம் தேடுவதாகப் பாடுகிறது. அங்கே அது சாபமாகத் தெரியவில்லை.

வசனத்தில் இப்படித் தப்பித்துவிடலாம். ஜன்னல் மூலையில் தப்ப முடியாது. குளவி கட்டிய மண்கூட்டை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஐந்தாறு பச்சைப் புழுக்கள் அடுக்கியிருக்கும். உயிர் இருக்கும், அசையாது. தாய்க்குளவி கொட்டி முடக்கிவைத்தவை. நடுவில் குளவியின் குஞ்சு ஒன்று, அவற்றை ஒவ்வொன்றாக உயிரோடு தின்றுகொண்டிருக்கும். 'கொட்டக் கொட்டப் புழு குளவியாகும்' என்று நம் முன்னோர் இதை அன்பின் கதையாக, குரு சீடனை மாற்றும் கதையாக வாசித்தார்கள். இதே போன்ற, புழுவின் உடம்புக்குள் முட்டையிடும் இன்னொரு குளவியைப் பார்த்த டார்வின், கருணையும் வல்லமையும் உள்ள தேவன் வேண்டுமென்றே இதைப் படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று 1860 மே மாதம் ஏசா கிரேக்கு எழுதினார். கிரே தம் விசுவாசத்தை விடவில்லை. இரண்டு பேரும் நட்பையும் விடவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆறு நாள் படைப்பை எழுத்துக்கு எழுத்து நம்பினாலும் இந்தக் குளவி போய்விடாது. அதன் கொடுக்கு அத்தனை துல்லியமாக ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்களும் பதில் சொல்ல வேண்டும். "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது" என்று பவுல் எழுதியதை அந்த மண்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நான் வாசிக்கிறேன்.

கண், பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் சாட்டை இழை எல்லாம் தானாக வரமுடியாது, ஆகவே ஒரு வடிவமைப்பாளர் என்கிறார்களே?

விஞ்ஞானத்துக்கு இன்னும் விளங்காத இடத்தில் தேவனைக் கொண்டுபோய் வைத்தால், விளங்கும்போதெல்லாம் அவர் நகர்ந்து நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும். 2005இல் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளி வழக்கில் நீதிபதி இந்த வடிவமைப்பாளர் வாதத்தை விஞ்ஞானம் அல்ல என்று தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் பரிணாமத்துக்காக முதலில் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர்.

நம் காலத்து விஞ்ஞானிகளில் விசுவாசிகள் உண்டா?

மனித மரபணுத் திட்டத்தை நடத்தி 2003இல் முடித்த பிரான்சிஸ் காலின்ஸ் சுவிசேஷக் கிறிஸ்தவர், பரிணாமத்தை முழுதாக ஏற்பவர். பழைய ஆட்களில், பரிணாமம் இல்லாமல் உயிரியலில் எதற்கும் அர்த்தமில்லை என்று 1973இல் எழுதிய உயிரியலாளர் டோப்ஜான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர். மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் பட்டாணிச் செடி வளர்த்தது மடத்துத் தோட்டத்தில். இதெல்லாம் பரிணாமம் சரி என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரே மண்டையில் இரண்டும் இருக்க முடியும் என்பதற்கு ஆதாரம்.

பேழைக்குள் டைனோசர் இருந்ததா, சார்?

இரண்டாம் வகுப்புப் பையன் கேட்டது. இல்லை கண்ணு, பறவையைத் தவிர மற்ற டைனோசர் எல்லாம் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. நோவா விட்ட புறா அந்த வம்சம்தான். அவனுக்கு அது போதுமாயிருந்தது.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பரிணாமப் பாடத்துக்குத் தேர்வில் என்ன எழுதுவது?

பாடத்தில் இருப்பதை. "டார்வினின் கோட்பாட்டை விளக்குக" என்பதுதான் கேள்வி. அவள் நம்புகிறாளா என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தின் மேலே சிலுவை போட்டுவிட்டுத் தாராளமாக எழுதலாம், என் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். லாமார்க்கின் ஒட்டகச்சிவிங்கியை (எட்டி எட்டிக் கழுத்து நீண்டது, அந்த நீளம் குட்டிக்கும் போனது என்ற விளக்கத்தை) டார்வின் பதிலுக்குள் கொண்டுவந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மதிப்பெண் போவது அங்கேதான்.